நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டாம், அந்தக் காகிதச் சதுரத்தை எழுதுங்கள்

கேள்வி: நான் திருநெல்வேலிப் பக்கம். ஜாம்பியாவின் காப்பர்பெல்ட் பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆறு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். பதினோராம் வகுப்பில் ஒரு மாணவி, வயது 16. அப்பா இல்லை. அம்மா சந்தையில் தக்காளி விற்கிறார். வர்க்க நிரப்பு முறையை நான் கரும்பலகையில் நடத்திக்கொண்டிருந்தபோது, இவள் காகிதத்தை வெட்டி அடுக்கி அதே விடையைக் காட்டினாள். சனிக்கிழமைகளில் சர்ச் திண்ணையில் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள். ஆப்பிரிக்க மாணவர்களுக்கு யேல் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்தும் கோடைத் தலைமைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். டவுனில் ஒரு நெட் சென்டரில் படிவத்துக்கே 500 குவாச்சா கேட்டார்களாம். உண்மையிலேயே இலவசம்தானா? பரிந்துரைக் கடிதம் நான் எழுத வேண்டும், எப்படி எழுதுவது? அவள் கட்டுரையை நான் திருத்தலாமா? கிடைக்காவிட்டால் வேறு வழி உண்டா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்த 500 குவாச்சா. கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வது ‘யேல் யங் ஆஃப்ரிக்கன் ஸ்காலர்ஸ்’ திட்டம். 2014 முதல் நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது, பயிற்சிக் கட்டணமும் கிடையாது. தேர்வானவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. படிவம் ஆன்லைனில் மட்டும்தான், மாணவியே கணக்குத் தொடங்கி நிரப்ப வேண்டும். இடையில் யாரும் தேவையில்லை. இணைய முகவரி ‘யேல்’, புள்ளி, ‘ஈ-டி-யூ’ என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு எப்படி முடிந்தாலும் அந்தப் பக்கத்தில் அவளுடைய பிறந்த தேதியைக்கூடப் போட வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இதே பல்கலைக்கழகம் ‘யேல் யங் குளோபல் ஸ்காலர்ஸ்’ என்று வேறொரு திட்டம் நடத்துகிறது. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். அது அமெரிக்காவில், நியூ ஹேவன் வளாகத்தில் நடப்பது. கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர், விண்ணப்பிக்கவும் பணம் கட்ட வேண்டும். தேடும்போது அந்தப் பக்கம் முதலில் வந்துவிடும். அதைப் பார்த்து ‘இலவசம் என்றது பொய்’ என்று விட்டுவிட்ட பிள்ளைகள் உண்டு. நீங்கள் தேட வேண்டியது ‘ஆஃப்ரிக்கன்’ என்ற சொல் உள்ளதை.

இலவசம் என்பதில் ஒன்று மட்டும் அடங்காது: பயணம். பயிற்சி நடக்கும் நாட்டுக்குப் போய்வரும் செலவும் விசாச் செலவும் மாணவர் பொறுப்பு. கானா, ருவாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் இது நடந்திருக்கிறது, இடங்கள் மாறக்கூடும். ஜிம்பாப்வே என்றால் லுசாகாவிலிருந்து சிருண்டு எல்லை வழியாக ஹராரேவுக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம். கானா என்றால் விமானம்தான், அந்தச் செலவு தக்காளி விற்கும் தாய்க்கு எட்டாது. அதற்காகவே, வசதி இல்லாதவர்களுக்குப் பயண உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தேவையைக் காட்டிக் கேட்க வேண்டும், கூச்சப்பட்டு அந்தப் பகுதியைக் காலியாக விடக் கூடாது.

அங்கே பலர் செய்யும் தப்பு, விற்பனையை வருமானமாக எழுதிவிடுவது. உதாரணத்துக்கு, அம்மா வாரத்துக்கு 1,200 குவாச்சாவுக்கு விற்கிறார் என்று வையுங்கள். சரக்குக்கு 850, சந்தைக் கட்டணமும் வண்டிக் கூலியும் 100. மிஞ்சுவது 250, அதுதான் வருமானம். 1,200 என்று போட்டால் கையில் நிற்கும் பணத்தைப்போல ஐந்து மடங்குக்கு அருகில் காட்டிவிடுவீர்கள். அம்மாவோடு ஒரு மாலை உட்கார்ந்து, நல்ல வாரம், கெட்ட வாரம் என்று நான்கு வாரக் கணக்கைப் போட்டுச் சராசரி எடுங்கள். நீங்கள் கணக்கு வாத்தியார், இந்த உதவியை உங்களைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

இனி உங்கள் கடிதம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்டம் முழுவதிலிருந்தும் வருகிற விண்ணப்பங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 இடங்கள். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வகுப்பில் முதலிடம்தான். மதிப்பெண்ணால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். கட்டுரையில் அவள் தன்னைப் பற்றிச் சொல்வாள். ஆனால் தன்னைப் பற்றி அவளே சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது: வகுப்பறையில் மற்றவர் கண்ணுக்கு அவள் எப்படித் தெரிகிறாள் என்பது. அதற்கு விண்ணப்பத்தில் இருக்கும் ஒரே இடம் உங்கள் கடிதம்.

நம் ஊர் ஆசிரியர்கள் பரிந்துரை எழுத உட்கார்ந்தால் கை தானாக நன்னடத்தைச் சான்றிதழுக்குப் போய்விடுகிறது. ‘சின்சியர்’, ‘ஹார்ட் ஒர்க்கிங்’, ‘ஒபீடியன்ட்’, ‘எனக்குத் தெரிந்தவரை இவரது நடத்தை நன்று’, ‘வளமான எதிர்காலம் அமைய வாழ்த்துகிறேன்’. டி.சி. வாங்கும்போது கொடுக்கும் தாளுக்கு அது போதும். இங்கே அது மாணவிக்குக் கெடுதல். ‘கீழ்ப்படிதல் உள்ளவர்’ என்பதை நாம் பாராட்டாக எழுதுகிறோம். தலைமைப் பயிற்சிக்கு ஆள் எடுப்பவர், ‘சொன்னதைச் செய்யும் பெண்’ என்று படிப்பார். மற்ற சொற்கள் எந்த மாணவிக்கும் பொருந்தும், ஆகவே இந்த மாணவியைப் பற்றி எதுவும் சொல்லாது.

நீங்கள் எனக்கு எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். காகிதத்தை வெட்டி அடுக்கினாள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் பரிந்துரைக் கடிதமே அதுதான். அந்த வரியை விரித்து எழுதுங்கள். எப்படி என்று காட்டுகிறேன்.

கணக்கு எக்ஸ் வர்க்கம் கூட்டல் 6 எக்ஸ் சமம் 16 என்று வைத்துக்கொள்வோம். அவள் எக்ஸ் பக்கமுள்ள ஒரு காகிதச் சதுரத்தை மேசையில் வைக்கிறாள். 6 எக்ஸை இரண்டாகப் பிரித்து, 3 அகலமும் எக்ஸ் நீளமும் உள்ள இரண்டு பட்டைகளாக வெட்டி, ஒன்றை வலப்பக்கமும் ஒன்றைக் கீழேயும் ஒட்டுகிறாள். ஒரு மூலை மட்டும் காலியாக நிற்கிறது. மூன்றுக்கு மூன்று, ஒன்பது. அதை நிரப்பினால் முழுச் சதுரம், பரப்பு 16 கூட்டல் 9, அதாவது 25. பக்கம் 5, ஆகவே எக்ஸ் 2. ‘இரண்டு பக்கமும் 9 கூட்டு’ என்று கரும்பலகை சொன்னபோது, அந்த 9 எங்கிருந்து வருகிறது என்பதை அவள் கையால் காட்டியிருக்கிறாள்.

இதை நடந்த வரிசையில், அந்த நாளில் நீங்கள் போட்ட கணக்கையும் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்து பெஞ்சு என்ன செய்தது? மறுநாள் நீங்கள் பாடம் நடத்தும் முறை மாறியதா? மாறியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆசிரியரின் வழியையே மாற்றிய மாணவி என்பதற்கு மேல் ஒரு சான்று கிடையாது. நடக்காத எதையும் சேர்க்க வேண்டாம்.

அடுத்து அளவுகோல். ‘மிகச் சிறந்த மாணவி’ என்றால் யாரோடு ஒப்பிட்டு? ஆறு வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தீர்கள், அவர்களில் இவளைப் போல எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள். முதல் மூன்றில் ஒருத்தி என்பது உண்மையானால் அப்படியே எழுதுங்கள், முதல் ஆள் என்று ஏற்றிச் சொல்ல வேண்டாம். ஒரு குறையையும் மறைக்காமல் எழுதலாம். அவசரத்தில் படிகளைத் தாண்டி எழுதுவாள், அதைச் சொன்னபோது எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது போல. குறை சொல்லும் கடிதத்தின் பாராட்டைத்தான் நம்புவார்கள்.

பள்ளியின் நிலைமைக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். வகுப்பில் எத்தனை பேர், ஒரு பாடநூலை எத்தனை பேர் பகிர்கிறார்கள், ஆய்வகம் உண்டா, மின்வெட்டு எத்தனை மணி நேரம். 2024 வறட்சிக்குப் பிறகு மின்சாரம் தரும் கரிபா அணையில் தண்ணீர் வற்றி ஜாம்பியா எப்படி இருண்டது என்பதை வெளியூர்க்காரர் அறிந்திருக்க மாட்டார். புலம்பலாக வேண்டாம், எண்ணாகச் சொல்லுங்கள். தந்தை இறந்ததை மட்டும் அவளைக் கேட்காமல் எழுதாதீர்கள். அது அவள் சொல்ல வேண்டியதா, நீங்கள் சொல்ல வேண்டியதா என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

மதிப்பெண் பட்டியலிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜாம்பியாவின் தேர்வு வாரியத்தில் 1 உச்சம், 9 தோல்வி. 1, 2 டிஸ்டிங்ஷன், 3, 4 மெரிட். உங்களுக்கு அது பழகிவிட்டது. கென்யப் பட்டியலையும் நைஜீரியப் பட்டியலையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் ஒருவர் ‘கணக்கு: 1’ என்பதை எப்படிப் படிப்பார்? பட்டியலின் அடியில் அளவுகோலை இரண்டு வரியில் எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். போனில் படம் எடுத்துப் பதிவேற்றுவதானால் வெளியே பகல் வெளிச்சத்தில், தாளைத் தட்டையாக வைத்து எடுங்கள். முத்திரை மங்கலாக விழுந்த பட்டியல் பயன்படாது.

கட்டுரையைத் திருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுத்துப் பிழை காட்டலாம். புரியாத வரியை ‘புரியவில்லை’ என்று சொல்லலாம். வாக்கியத்தை நீங்கள் எழுதித்தரக் கூடாது. நம் ஆங்கிலத்துக்கு ஒரு வாசனை உண்டு. காப்பர்பெல்ட்டில் வளர்ந்த பதினாறு வயதுப் பெண்ணின் பக்கத்தில் அது தனியாகத் தெரியும். படிவத்தில் கேட்கும் குறுவிடைகளில் ஒரு குரலும் கட்டுரையில் வேறு குரலும் இருந்தால் படிப்பவர் உடனே கண்டுபிடிப்பார். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கினாலும் அதே கதிதான். வழவழப்பாக இருக்கும், அவள் அதில் இருக்க மாட்டாள்.

திருத்துவதைவிடக் கேள்வி கேளுங்கள். சனிக்கிழமை வகுப்பை எந்த மாதம் தொடங்கினாய்? முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள், இப்போது எத்தனை பேர்? வராமல் போனவர்கள் ஏன் போனார்கள்? நீ என்ன மாற்றினாய்? மாற்றியும் சரிவராதது எது? சாக்பீஸ் யார் வாங்கித் தந்தது? அவள் பதில்களைத் தாளில் எழுதட்டும், கட்டுரைக்கு வேண்டியது அந்தத் தாளில் வந்துவிடும். பெரும்பாலான கட்டுரைகள் மண்டேலா மேற்கோளில் தொடங்கி ‘ஆப்பிரிக்காவை மாற்றுவேன்’ என்று முடிகின்றன. பதினான்கு பேர் வந்த திண்ணையில் ஐந்து பேர் மிஞ்சினார்கள், அதற்குக் காரணம் சனிக்கிழமை சந்தை நாள் என்று கண்டுபிடித்து நேரத்தை மாலைக்கு மாற்றினேன் என்று ஒருத்தி எழுதினால், அதில் தலைமை என்ற சொல்லே தேவையில்லை.

கட்டுரைகளை முதலில் நோட்டில் எழுதி, சொற்களை எண்ணி, பிறகு போனில் தட்டச்சு செய்து ஒரு கோப்பாகச் சேமிக்கட்டும். நேரடியாகப் படிவத்தில் அடித்தால், டேட்டா தீர்ந்த நொடியில் எழுதியது போய்விடும். சொல் வரம்பைத் தாண்டியதைப் பெட்டி தானாகவே வெட்டிவிடுவதும் உண்டு. கடைசி வாக்கியம் பாதியில் நிற்பது அனுப்பிய பிறகுதான் தெரியும். ஒட்டிய பின் கடைசி வரி வரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசித் தேதியில் ‘இரவு 11:59’ என்று இருந்தால் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரமானால், அங்கே குளிர்காலத்தில் நீங்கள் 7 மணி நேரம் முன்னால் இருக்கிறீர்கள், உங்களுக்கு மறுநாள் காலை 6:59. அந்தச் சலுகையை நம்ப வேண்டாம். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவிடுவதே நல்லது.

படிவங்கள் செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டை மனதில் வைத்து அமைக்கப்படுபவை. உங்களுக்கு ஜனவரியில் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அக்டோபர், நவம்பரில் வருகிறது. ‘பள்ளி முடிக்கும் மாதம்’ என்ற இடத்தில் பலர் ஜூன் என்று போட்டுவிடுகிறார்கள். பயிற்சிக்குப் பிறகும் பள்ளிப் படிப்பு மீதி இருக்கிறதா என்று இத்தகைய திட்டங்கள் பார்க்கும். ஆகவே அந்தத் தேதி தவறினால் தகுதியே போகலாம். ‘கோடை’ என்பதும் வடக்கின் கோடைதான். ஜூலையில் ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் குளிரில் இருக்கும். போகிற இடம் ஹராரே என்றால் ஸ்வெட்டர் வேண்டும்.

அங்கே என்ன நடக்கும் என்று அவளிடம் சரியாகச் சொல்லி அனுப்புங்கள். ஏறத்தாழ ஒரு வாரம் விடுதியில் தங்கல். விரிவுரைகள், சிறு குழு வகுப்புகள், விவாதங்கள். யேல் மாணவர்களும் பயிற்றுநர்களாக வருவார்கள். இவற்றோடு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிப்பது எப்படி என்ற பயிலரங்குகள். இவளைப் போன்ற பெண்ணுக்கு என் மதிப்பில் அதிகம் உதவப்போவது இந்தக் கடைசிப் பகுதி. வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்த்து, முழுத் தேவையையும் ஈடுகட்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: யேல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவை. அங்கே கேட்கும் பணப் படிவங்களை நிரப்பத் தெரியாமலே பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பயிற்சிக்குப் போனால் யேலில் சீட் உறுதி என்பது இல்லை. அந்த எண்ணத்தோடு போகும் பிள்ளை மனம் உடைந்து திரும்பும்.

நீங்கள் தமிழர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. யேல் என்ற பெயரே நம் சென்னையிலிருந்து போனது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர். அடிமை வியாபாரம் நடந்த காலம் அது. அவர் சேர்த்த செல்வத்திலிருந்து அனுப்பிய சரக்கை விற்ற பணத்துக்காக 1718இல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024இல் மன்னிப்புக் கேட்டது. இலவசமாக ஏதோ கிடைக்கிறதே என்று அவள் தலை குனிந்து போக வேண்டியதில்லை.

கிடைக்காவிட்டால்? பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுதான் எல்லாவற்றுக்கும் அடி வேர், அதில் கை வைக்காதபடி மற்றவற்றைத் திட்டமிடுங்கள். தந்தையை இழந்தவள் என்பதால் ஜப்பானின் அஷினாகா ஆப்பிரிக்கத் திட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்தவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்து அனுப்புவது அது. ஜோகன்னஸ்பர்க்கில் 2008 முதல் நடக்கும் ஆஃப்ரிக்கன் லீடர்ஷிப் அகாடமி இரண்டு வருடப் படிப்பு. 2012இல் தொடங்கிய மாஸ்டர்கார்டு அறக்கட்டளையின் உதவித்தொகை ஆப்பிரிக்காவிலேயே கானாவின் அஷேசி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் போன்ற பல்கலைக்கழகங்கள் வழியாகக் கிடைக்கிறது. உள்நாட்டில் கிட்வேயில் காப்பர்பெல்ட் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்பவர்களுக்கு உயர்கல்விக் கடன் வாரியம் கடன் தருகிறது. இதற்காக எழுதிய கட்டுரையும் உங்கள் கடிதமும் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக உதவும்.

இந்த மாதமே தொடங்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ். ஜாம்பியாவில் அது இல்லாத பிள்ளைகள் ஏராளம், அது இல்லாமல் பாஸ்போர்ட் வேலை நகராது. 16 நிறைந்துவிட்டதால் தேசிய அடையாள அட்டைக்கும் அவள் பதியலாம். சான்றிதழ், அட்டை, பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் தனியாக எல்லை தாண்ட அம்மாவின் ஒப்புதல் கடிதம், சான்றுறுதி பெற்றதாக, வேண்டும். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலும் கூடவே இருக்கட்டும், ‘இன்னொரு பெற்றோர் எங்கே’ என்று எல்லையில் கேட்பார்கள். கானா என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும்.

பரிந்துரைக்கான இணைப்பு உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியாக வரும். மாணவி உங்கள் பெயரை எப்படிப் பதிந்தாளோ அப்படியே அதில் இருக்கும். இனிஷியலைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒரே எழுத்தாகப் போட்டுவைத்தால் குழப்பம் வரும், உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அவளிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவள் உங்கள் பெயரைப் பதிந்து இரண்டு நாளில் இணைப்பு வரவில்லை என்றால் ஸ்பாம் பெட்டியில் தேடுங்கள்.